ட்ரவன், ப்ரிஸ்ட்லி ரிட்ஜ், க்ரிப் கோக்: மூணையும் ஒரே நாள்ல கோக்க முடியுமா? டைம் கணக்கு இடிக்குது, உதவி பண்ணுங்க

வணக்கம் மக்களே. செப்டம்பர் கடைசில நாங்க நாலு பேர் வேல்ஸ்ல ஸ்னோடோனியா போறோம், ஸ்க்ராம்ப்ளிங்குக்கு (கையும் காலும் வச்சு பாறைல ஏறறது) கைல இருக்கறது ஒரே ஒரு முழு நாள். என் ப்ளான் இதுதான்: காலைல ஓக்வென் ஏரி பக்கத்துல இருந்து ட்ரவன் மலையோட நார்த் ரிட்ஜ் (வடக்கு முகடு) ஏறி, அந்தப் பக்கம் புல்க் ட்ரவன் கணவாய்க்கு இறங்கி, அங்கேருந்து ப்ரிஸ்ட்லி ரிட்ஜ் வழியா க்ளிடர் ஃபாக் உச்சி, அப்புறம் க்ளிடர் ஃபவுர் உச்சி, டெவில்ஸ் கிச்சன்ங்கற பாறைப் பிளவுப் பக்கமா இறக்கம். அதோட விடாம கார் எடுத்து பென்-இ-பாஸ் போய் சாயங்காலத்துக்குள்ள க்ரிப் கோக் ரிட்ஜும் முடிக்கணும்.

மணிக்கு 5 கிமீ, ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல்னு கணக்கு போட்டா முதல் சுத்து மூணரை மணி நேரத்துல முடியும்னு வருது. ஆனா போயிட்டு வந்தவங்க எல்லாம் முழு நாள் ஆகும்னு சொல்றாங்க. எங்க தப்பு? இன்னொண்ணு, எங்கள்ல ஒருத்தருக்கு உயரம்னா கொஞ்சம் பயம், நடக்கறதுல பிரச்சனை இல்ல. கயிறு எடுத்துட்டுப் போலாமா?

பாறைப்பல்லி:
சகோ, நீங்க போட்டது நெய்ஸ்மித்ங்கற மலையேறி சொன்ன கணக்கு. 1892ல அவர் சொன்னது நல்லா நடக்கற ஆளுக்கு, பாதை இருக்கற மலைக்கு. கையும் காலும் வச்சு ஏறற எடத்துல அது செல்லாது, ஏன்னா அங்க உங்க வேகத்த தீர்மானிக்கறது மூச்சு இல்ல, அடுத்த பிடி எங்கன்னு தேடறதும் முன்னாடி போறவருக்காக காத்திருக்கறதும்தான். நாலு பேர்னா ஒவ்வொரு கஷ்டமான படிலயும் மூணு பேர் சும்மா நிக்கணும், அதுல வேற குரூப் குறுக்க வந்தா இன்னும் போச்சு.

என் கணக்கு இப்படி: ரோட்டுல இருந்து ட்ரவன் உச்சி (917.5 மீ) இரண்டரைல இருந்து மூணு மணி நேரம். கணவாய்க்கு இறங்க முக்கால் மணி, சௌத் ரிட்ஜ்லயும் கை வைக்கணும்ங்கறத மறந்துடாதீங்க. ப்ரிஸ்ட்லி ஏறி க்ளிடர் ஃபாக் (994 மீ) சேர ஒன்றரை மணி. மேல கொஞ்ச நேரம், இறக்கம் ரெண்டு மணி நேரம். ஆக ஏழு, ஏழரை. செப்டம்பர் கடைசில சாயங்காலம் ஏழு மணி வாக்குல சூரியன் போயிடும். க்ரிப் கோக் எங்க நுழையும்?

மெதுநடை:
க்ரிப் கோக்க ப்ளான்லேர்ந்து எடுத்துடுங்க, தயவு செஞ்சு. ஸ்க்ராம்பிள்லயே சுலபமான கிரேட் 1 தானேன்னு அதையும் ட்ரவனையும் ஒண்ணா எடை போடாதீங்க. கிரேட் சொல்றது பாறை எவ்ளோ கஷ்டம்ங்கறத, கீழ எவ்ளோ பள்ளம்ங்கறத அது முழுசா சொல்லாது. ட்ரவன்ல ஒரு எடம் பிடிக்கலன்னா பெரும்பாலும் கிழக்குப் பக்கமா ஒதுங்கி சுத்திப் போயிடலாம். க்ரிப் கோக் கத்தி விளிம்பு மாதிரி, மேல ஏறிட்டா ஒண்ணு முழுசா கடக்கணும் இல்ல வந்த வழியே திரும்பணும், நடுவுல இறங்க நல்ல வழி கிடையாது. உயரத்துக்கு பயப்படற ஒருத்தர, காலைலேர்ந்து ஏறி கால் ஓஞ்ச நேரத்துல, வெளிச்சம் போற நேரத்துல அங்க கூட்டிட்டுப் போறது அவருக்கு செய்யற அநியாயம். அது தனி நாளுக்கான மலை.

கேட்டவர்:
சரி, க்ரிப் கோக் கட். மத்த ரெண்டையும் கோக்கறதுல எங்க முடிவு எடுக்கணும்? பாதில ஒருத்தர் முடியலன்னா?

பாறைப்பல்லி:
நல்ல கேள்வி, பலர் இத யோசிக்கறதே இல்ல. ரூட்ட ஒரே கோடா பாக்காதீங்க, கோக்கற மூட்டு எங்கன்னு பாருங்க. உங்க நாள்ல அது புல்க் ட்ரவன். அங்க நிக்கறப்ப நாலு வழி இருக்கு. எல்லாருக்கும் தெம்பு இருந்தா ப்ரிஸ்ட்லி. ஸ்க்ராம்பிள் வேணாம், ஆனா உச்சி வேணும்னா மைனர்ஸ் ட்ராக்ங்கற நடைபாதைல கிழக்க போய் ரிட்ஜ்ல ஏறி மேற்க திரும்பி க்ளிடர் ஃபாக் சேரலாம். ப்ரிஸ்ட்லிய ஒட்டி இடது பக்கம் சரளைச் சரிவு ஒண்ணும் மேல போகும், காலடி சறுக்கும், எனக்கு அது பிடிக்காது. போதும்னா மேற்க இறங்கி போக்லுய்ட் ஏரி வழியா நேரா ரோட்டுக்கு.

அதனால "கணவாய்ல மணி ஒண்ணு தாண்டிட்டா ப்ரிஸ்ட்லி கிடையாது"ன்னு வீட்லயே முடிவு பண்ணிட்டு வாங்க. மேல போய் பேசினா ஆசைதான் ஜெயிக்கும்.

ப்ரிஸ்ட்லிக்கு ஆரம்பம் கண்டுபிடிக்கறதுதான் சிக்கல். கணவாய்ல இருக்கற கல்சுவர ஒட்டியே மேல போங்க, அது பாறைல முட்டற எடத்துக்கிட்ட சினிஸ்டர் கல்லினு ஒரு இடுக்கு, அதுக்குள்ளதான் ஏறணும். உள்ள தளர்ந்த கல் கிடக்கும், ஒருத்தர் மேல இருக்கறப்ப இன்னொருத்தர் நேர் கீழ நிக்கக் கூடாது, ஹெல்மெட் எல்லாருக்கும் வேணும். மேல க்ரேட் பினக்கிள்னு ஒரு கூம்பு வரும், அதுக்கு முன்னாடி ஒரு வெட்டுக்குள்ள கீழ இறங்கி ஏறணும். உங்க நண்பருக்கு கஷ்டமா படறது அந்த எடமாத்தான் இருக்கும், முன்னாலயே சொல்லி வைங்க.

மூடுபனி:
கயிறு பத்தி யாரும் சொல்லலயே. ஆங்கர் போடவும் (கயிற பாறைல உறுதியா கட்டறது) பிலே பண்ணவும் (ஏறறவர் விழாம கயிறால பிடிக்கறது) தெரிஞ்ச ஆள் குரூப்ல இல்லன்னா கயிறு வேணாம். நாலு பேரையும் சும்மா ஒண்ணா கட்டிக்கிட்டு நடந்தா ஒருத்தர் வழுக்கினா நாலு பேரும் போவாங்க. பயப்படறவருக்கு கயிறவிட உதவறது, அனுபவம் உள்ள ஒருத்தர் அவருக்கு ரெண்டடி கீழயே வந்து "இடது கால் இங்க வை"ன்னு சொல்றதுதான். ஏறினத இறங்க முடியும்னு தோணாத எடத்துல ஏறவே வேணாம், எல்லாருக்கும் இது பொருந்தும்.

அப்புறம் டெவில்ஸ் கிச்சன் இறக்கம். க்ளிடர் ஃபவுர்ல இருந்து சரளைல இறங்கி கூன் ஏரிக்கு வந்து, அங்கேருந்து பாதையோட வாய சரியா பிடிக்கணும். ஓடை விழற பிளவுப் பக்கம் போயிடாதீங்க, கீழ செங்குத்து. மூடுபனில இதுக்கு மேப், காம்பஸ் கட்டாயம், ஆர்ட்னன்ஸ் சர்வே மேப்ல ஓஎல்17 ஷீட்ல முழு சுத்தும் இருக்கு. க்ரிபின் ரிட்ஜ் வழியா இறங்கினா தூரம் கம்மி, ஆனா அதுவும் கிரேட் 1, அதுவும் இறக்கத்துல, களைச்ச காலோட. இந்த குரூப்புக்கு நான் கிச்சன்தான் சொல்வேன்.

மெதுநடை:
காத்தும் பாருங்க. மழைய மட்டும் பாத்துட்டு கிளம்பறாங்க நிறைய பேர். உச்சில 40 மைல் வேகம்னு போட்டிருந்தா ரிட்ஜ் வேணாம். ட்ரவன் எரிமலைப் பாறை, காஞ்சிருந்தா அருமையான பிடி. நனைஞ்சா, அதுலயும் பாசியோ பல பூட்ஸ் தேச்ச மினுமினுப்போ இருக்கற எடத்துல, நம்ப முடியாது. அப்படி நாள்னா இட்வல் ஏரிய சுத்தி வாங்க, அதுவும் அழகுதான்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். புது ப்ளான்: காலை எட்டு மணிக்கு கிளம்பறோம், கணவாய்க்கு கெடு ஒரு மணி, இறக்கம் கிச்சன், ஆளுக்கொரு ஹெட் டார்ச். நண்பர்கிட்ட ப்ரிஸ்ட்லி போட்டோ காட்டினேன், கணவாய் வரைக்கும் வந்துட்டு அங்க சொல்றேன்னார். மேல சிக்னல் இல்லன்னா அவசரத்துக்கு என்ன பண்றது?

மூடுபனி:
999 அடிச்சு முதல்ல போலீஸ் கேளுங்க, அப்புறம் மவுன்டன் ரெஸ்க்யூனு சொல்லுங்க. பேச சிக்னல் போதலன்னாலும் சில சமயம் எஸ்எம்எஸ் போகும், ஆனா அதுக்கு முன்கூட்டியே பதிவு பண்ணணும்: 'ரெஜிஸ்டர்'னு ஆங்கிலத்துல டைப் பண்ணி 999க்கு அனுப்புங்க, பதில் வந்ததும் அதுல சொல்ற மாதிரி செய்யுங்க. நாலு போன்லயும் இன்னைக்கே பண்ணிடுங்க. விசில் ஒண்ணு கழுத்துல, ஒரு நிமிஷத்துல ஆறு தடவ ஊதி, ஒரு நிமிஷம் விட்டு திரும்ப ஊதணும். எத்தன மணிக்கு திரும்புவீங்கன்னு கீழ இருக்கற ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போங்க.