பாலைவன வெயிலில் முதல் தொட்டித் தோட்டம்: மூன்று வேளை தண்ணீர் விட்டும் செடி வாடுகிறது

புதுத்தொட்டி:

வணக்கம். வாழ்க்கையில் முதல் தடவையாகச் செடி வளர்க்கிறேன், அதுவும் பாலைவன ஊரில். மதியம் 42, 43 டிகிரி போகிறது, காற்றில் ஈரமே கிடையாது, துவைத்த துணி அரை மணி நேரத்தில் அப்பளம் மாதிரி ஆகிவிடுகிறது. மொட்டை மாடியில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி ஆறு வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம் இருக்கும். நாலில் தக்காளி, இரண்டில் மிளகாய். மண்ணுக்குப் பதில் முக்கால்வாசி தென்னைநார்த் தூள், மீதி மண்புழு உரம்.

பிரச்சினை என்னவென்றால், காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் தண்ணீர் விடுகிறேன், அப்படியும் இலை மதியம் தொங்கிவிடுகிறது. இலை ஓரமெல்லாம் கருகல். தக்காளி பூக்கிறது, மறுநாளே பூ காம்போடு கீழே கிடக்கிறது. தொட்டி மேலே வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது, பூஞ்சையா என்று தெரியவில்லை. தண்ணீர் பத்தவில்லையா, அதிகமா? எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கட்டுமா?

வெயில்மாடி:

பிடுங்காதீர்கள், பொறுங்கள். முதலில் ஒரு வேலை செய்யுங்கள். மதியம் மூன்று மணிக்கு மாடிக்குப் போய்த் தொட்டியின் மேற்குப் பக்கத்தில் உள்ளங்கையை வையுங்கள். பத்து எண்ணும்வரை வைத்திருக்க முடியவில்லை என்றால் உள்ளே வேர் வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இலை சூட்டை ஓரளவு தாங்கும், ஏனென்றால் அது தண்ணீரை ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். வேருக்கு அந்த வசதி இல்லை. வேர்ப்பகுதி 35 டிகிரியைத் தாண்டினால் அது தண்ணீர் உறிஞ்சுவதே குறைந்துவிடும், நீங்கள் குடம் குடமாக ஊற்றினாலும் மேலே ஏறாது. ஆக, தண்ணீரைக் கூட்டுவதற்கு முன்னால் தொட்டியைக் குளிர வைக்க வேண்டும்.

சின்னத் தொட்டி, அதுவும் கறுப்பு, இந்த வெயிலுக்கு ஆகவே ஆகாது. ஒரு செடிக்கு 20 லிட்டராவது பிடிக்கிற தொட்டி வேண்டும், வெளிர் நிறமாக இருந்தால் நல்லது. இப்போதைக்கு வாங்க முடியாவிட்டால் இருக்கிற தொட்டியைப் பெரிய தொட்டி ஒன்றுக்குள் இறக்கி நடுவில் உலர்ந்த இலை, அட்டைத்துண்டு எதையாவது திணித்துவிடுங்கள். வெறும் தரையில் வைக்காமல் மரக்கட்டை மேல் வையுங்கள், கான்கிரீட் ராத்திரி பத்து மணிக்கும் சூடு கக்கும். அப்புறம் நிழல்வலை, 50 சதவீதம் போதும். மேலே மட்டும் கட்டினால் பாதி வேலைதான், மேற்குப் பக்கமும் தொங்கவிடுங்கள், சாயங்கால வெயில்தான் கொல்கிறது.

பூ உதிர்வதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. பகல் 35க்கு மேல், ராத்திரியும் 24க்குக் கீழே இறங்கவில்லை என்றால் தக்காளியின் மகரந்தம் வேலைக்கு ஆகாது, காய் பிடிக்காத பூவைச் செடியே கழற்றிவிடும். மருந்து, ஹார்மோன் என்று எதையும் தேடி ஓடாதீர்கள்.

உப்புத்தண்ணி:

வெள்ளையாகப் பூத்திருப்பது அநேகமாகப் பூஞ்சை இல்லை, உப்பு. விரலால் சுரண்டிப் பாருங்கள், பொரபொரவென்று உதிரும். வறண்ட ஊர்த் தண்ணீர் பெரும்பாலும் கடின நீர்தான், தினம் மூன்று வேளை கொஞ்சம் கொஞ்சமாக விடும்போது தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் தங்கிவிடும். இலை ஓரம் கருகுவதில் பாதி வெயில் என்றால் மீதி இதுதான்.

அடிக்கடி கொஞ்சமாக விடுகிற பழக்கத்தை விடுங்கள். விடிகாலையில் ஒரே தடவை, அடியில் ஓட்டை வழியாக வழிகிறவரை விடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொட்டி கொள்ளளவில் இரண்டு மடங்கு தண்ணீரை நிதானமாக ஊற்றி உப்பைக் கழுவி இறக்குங்கள். அடித்தட்டில் தேங்குவதை அங்கேயே விட்டால் செடி அதே உப்பைத் திரும்பக் குடிக்கும், கொட்டிவிடுங்கள். வீட்டில் வாட்டர் சாஃப்ட்னர் (கடின நீரை மென்னீராக்கும் கருவி) இருந்தால் அந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதில் கால்சியத்துக்குப் பதிலாக சோடியம் ஏறியிருக்கும். ஆர்ஓ தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்தால் நல்லது. நான் முதல் வருடம் செடி சோர்ந்திருக்கிறதே என்று உரத்தை அள்ளி அள்ளிப் போட்டேன். உரமும் உப்புதான் என்று அப்போது தெரியாது, மொத்தமும் போச்சு.

மண்பானை:

மேலே சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. 42 டிகிரியில் இந்தச் சாண் தொட்டிக்கு ஒரு வேளைத் தண்ணீர் தாங்காது சார். பெரிய தொட்டிக்கு மாறும்வரை மாலையிலும் ஒருமுறை விடட்டும். மதியம் வேண்டாம்.

இன்னொரு சந்தேகம் எனக்கு. தென்னைநார்த் தூள் அதிகம் என்கிறீர்கள். அது ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தொட்டிச் சுவரை விட்டு விலகிவிடும், ஊற்றுகிற தண்ணீர் அந்த இடுக்கு வழியாக நேராக அடிக்கு ஓடிவிடும். நமக்கு வழிகிறதே, நனைந்துவிட்டது என்று தோன்றும். தண்ணீர் விட்ட பிறகு விரலை நடுவில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். உள்ளே தூள் தூளாக வந்தால் வாளி நிறையத் தண்ணீரில் தொட்டியை இறக்கி, குமிழி வருவது நிற்கும்வரை அரை மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு மேலே நாலு விரல் உயரத்துக்கு வைக்கோலோ சருகோ மூடாக்கு.

மதியம் இலை தொங்குவதைப் பார்த்துப் பதறாதீர்கள். மறுநாள் விடியலில் நிமிர்ந்திருந்தால் அது வெயிலுக்குச் செடி செய்கிற தற்காப்பு, அவ்வளவுதான். விடியலிலும் தொங்கினால்தான் கவலை. கூடவே இலையின் அடிப்பக்கம் பாருங்கள், ஒரு வெள்ளைத்தாள் மேல் இலையைத் தட்டினால் ஊசிமுனை அளவில் புள்ளிகள் ஊர்ந்தால் செஞ்சிலந்தி, வறண்ட சூட்டில் அது பல்கிப் பெருகும். காலையில் இலையடியில் தண்ணீரைப் பீச்சி அடித்தாலே நிறையக் குறையும்.

என் பெயருக்கேற்ற ஒரு யோசனையும் சொல்லிவிடுகிறேன். 40 லிட்டர் தொட்டி கிடைத்தால் நடுவில் மெருகு பூசாத சின்ன மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடிவிடுங்கள். மண் காயக் காயப் பானை தானாகக் கசிந்து கொடுக்கும். இரண்டு நாள் ஊருக்குப் போய் வரலாம்.

புதுத்தொட்டி:

எல்லாருக்கும் நன்றி. விரலை விட்டுப் பார்த்தேன், மண்பானை அண்ணன் சொன்னதுதான். மேல் ஒரு விரற்கடை ஈரம், கீழே சுக்காய்க் காய்ந்து கிடக்கிறது. மூன்று வேளை தண்ணீரும் தரையைத்தான் நனைத்திருக்கிறது! செத்துப்போன தக்காளி ஒன்றைத் தொட்டியோடு கவிழ்த்தேன். கிழக்குப் பக்கம் வேர் வெள்ளையாக இருந்தது, மேற்குப் பக்கம் டீத்தூள் நிறத்தில் தொட்டால் நூலாக உரிகிறது. இரண்டு மிளகாயையும் ஊற வைத்துப் பெரிய தொட்டிக்கு மாற்றி, வலைக்கடியில் வைத்திருக்கிறேன், இன்று காலை நிமிர்ந்து நின்றன. மீதித் தக்காளி மூன்றையும் என்ன செய்ய?

வெயில்மாடி:

அதில் திடமாக இருக்கிற ஒன்றை மட்டும் நிழலில் வைத்துக் காப்பாற்றப் பாருங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். உங்கள் ஊரில் ராத்திரி சூடு எப்போது 24க்குக் கீழே இறங்கும் என்று போன வருடக் கணக்கைப் பார்த்து, அதற்கு ஆறு வாரம் முன்னால் வீட்டுக்குள் விதை போடுங்கள். பெரிய காய் ரகம் வேண்டாம், செர்ரி தக்காளி போடுங்கள், அது சூட்டிலும் ஓரளவு காய் பிடிக்கும். நாற்றை ஒரேயடியாக மாடிக்குக் கொண்டுபோகாமல் முதல் நாள் ஒரு மணி நேரம் காலை வெயில், அடுத்த நாள் இரண்டு என்று பழக்குங்கள். கறுப்புத் தொட்டியைத் தூக்கிப் போட வேண்டாம், நாற்று விட ஆகும்.