வெனிஸுக்குப் போகிறவர் கியோஜாவுக்கும் போக வேண்டுமா?

வேம்படி:
வரும் அக்டோபரில் நானும் என் மனைவியும், எழுபதை நெருங்கும் என் அம்மாவும் வெனிஸில் ஐந்து இரவுகள் தங்கப் போகிறோம். புதன்கிழமை போய்ச் சேர்ந்து, திங்கள்கிழமை மாலை விமானம் ஏறுகிறோம். ஒரு நாளை முரானோ, புரானோ தீவுகளுக்கென்று ஒதுக்கியிருந்தேன். காயலின் தென்கோடியில் இருக்கும் கியோஜாவைச் 'சின்ன வெனிஸ்' என்கிறார்களே, அந்த நாளை அதற்குக் கொடுக்கலாமா என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

நாழிகை:
கொடுக்க வேண்டாம் என்பேன். முதலில் லிடோ தீவுக்குப் படகு. அங்கிருந்து 11ஆம் எண் பேருந்து. அந்தப் பேருந்து ஒரு மிதவைப் படகில் ஏறிப் பெல்லெஸ்த்ரீனா தீவுக்குப் போகும். தீவின் கடைசியில் இறங்கி மறுபடியும் ஒரு படகு. எல்லாம் நேரத்துக்கு அமைந்தாலும் போக இரண்டு மணி, வர இரண்டு மணி. இவ்வளவு பாடுபட்டுப் போனால் பார்க்கக் கிடைப்பவை ஒரு நேரான கடைத்தெருவும் மூன்று கால்வாய்களும் ஒரு பேராலயமுமே. வெனிஸை இன்னும் முழுதாகப் பார்க்காத ஒருவர் அதன் சாயலைத் தேடிப் போவது அசலைக் கையில் வைத்துக்கொண்டு நகலுக்கு அலைவதாகும். வீகோ சதுக்கத்தில் தூண்மேல் நிற்கும், வெனிஸின் சின்னமான புனித மாற்குவின் சிங்கம் மிகச் சிறியது என்பதால் அதைப் பூனை என்றே கேலி செய்வார்கள். ஊரின் அளவு அதிலேயே தெரிகிறது.

கரைவலை:
நாழிகை அவர்களே, 'சின்ன வெனிஸ்' என்ற பட்டம் தவறு என்பதில் உங்களோடு எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் பட்டம் தவறு என்பதால் ஊர் தவறாகிவிடாது. வெனிஸ்காரர்களே அதைத் தங்கள் ஊரின் நகலாக எண்ணியதில்லை. இளவயதில் கியோஜாவின் குற்றவியல் அலுவலகத்தில் உதவியாளராக இருந்த வெனிஸ் நாடக ஆசிரியர் கோல்தோனி, அந்த ஊர் மீனவக் குடும்பங்களின் வாய்ச்சண்டைகளை வைத்து 1762இல் ஒரு நகைச்சுவை நாடகம் எழுதி வெனிஸில் அரங்கேற்றினார். தன் சாயலைப் பார்த்து யாரும் அப்படிச் சிரிப்பதில்லை. வேற்றூராரைப் பார்த்தே சிரிப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெனிஸ் பிழைத்ததே கியோஜாவில்தான். 1379 ஆகஸ்டில் வெனிஸின் போட்டி நகரான ஜெனோவாவின் கடற்படை இந்த ஊரைப் பிடித்தது. வெனிஸ் சமாதானத்துக்குத் தூது அனுப்பும் நிலைக்கு வந்தது. முந்தைய தோல்விக்காகச் சிறையில் போடப்பட்டிருந்த கடற்படைத் தளபதி வெத்தோர் பிசானியை மக்கள் கூச்சலிட்டு வெளியே கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில், முதுமையிலும் தானே கப்பலேறிய நாட்டுத் தலைவர் ஆந்திரேயா கொந்தரீனியும் பிசானியும், கல் நிரப்பிய படகுகளை நீர்வழிகளில் மூழ்கடித்து, முற்றுகையிட வந்தவர்களையே உள்ளே அடைத்துவிட்டார்கள். புத்தாண்டன்று வெனிஸின் இன்னொரு தளபதி கார்லோ ஜேனோவின் கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஜெனோவாவின் தளபதி பியெத்ரோ தோரியா, பீரங்கிக் குண்டு பட்டு இடிந்த கட்டடத்தின் அடியில் சிக்கி மாண்டார். ஜூன் 1380இல் பட்டினியால் தளர்ந்த எஞ்சிய படை சரணடைந்தது. அந்த வெற்றி இல்லையென்றால் நீங்கள் 'அசல்' என்று சொல்லும் மாளிகைகளில் பாதி எழுந்திருக்குமா என்பதே ஐயம்.

நாழிகை:
நன்றாகச் சொன்னீர்கள்; ஆனால் இவை அனைத்தையும் நீங்கள் வீட்டிலிருந்து சொல்லிவிட்டீர்கள், நானும் வீட்டிலிருந்தே தெரிந்துகொண்டேன். மூழ்கடித்த படகுகள் இன்று கண்ணுக்குத் தெரியுமா? போர் நடந்த இடம் என்பதற்காகவே ஓர் ஊருக்குப் போகலாம் என்றால் ஐரோப்பாவில் எந்த ஊரையும் விட முடியாது. வேம்படி கேட்பது வரலாறு அன்று, ஒரு நாள். அவருடைய அம்மாவை நான்கு வண்டிகள் மாற்றி அழைத்துப் போனால், அங்கே அவர் கண் எதில் நிற்கும் என்று சொல்லுங்கள்.

கரைவலை:
தானியக் களஞ்சியத்தில் நிற்கும். 1322இல் கட்டிய அந்தக் கட்டடம் நான் சொன்ன முற்றுகையைத் தாண்டி இன்றும் முதன்மைத் தெருவிலேயே இருக்கிறது. அதே தெருவில் புனித அந்திரேயா ஆலயக் கோபுரத்தின் கடிகாரம், 1386ஆம் ஆண்டு ஆவணத்திலேயே பேசப்படும் பொறி. இன்றும் இயங்கும் உலகின் மிகப் பழைய இயந்திரக் கடிகாரம் என்ற பெயருக்கு இங்கிலாந்தின் சாலிஸ்பரியோடு அது போட்டியிடுகிறது. அம்மாவைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது நியாயம். ஆனால் வெனிஸில் ஒவ்வொரு திருப்பத்திலும் படியேறி இறங்கும் பாலங்கள் இருக்கின்றன. கியோஜாவின் பெரிய தெருவோ அகலமானது, சமதளமானது. மீனின் நடுமுள்ளிலிருந்து பக்கமுள்கள் பிரிவதுபோல அதிலிருந்து இரு பக்கமும் சந்துகள் பிரிகின்றன. வழி தவறவே முடியாது. வண்டி மாற்றுவது சிரமம் என்றால், வெனிஸின் ரோமா சதுக்கத்திலிருந்து சாலை வழியாக நேர்ப் பேருந்தும் உண்டு.

மஞ்சணத்தி:
இருவரும் நாளைப் பற்றியே வாதாடுகிறீர்கள். பொழுதைப் பற்றி யாரும் பேசவில்லை. கியோஜா மீன்பிடித்துப் பிழைக்கும் ஊர். அந்தக் களஞ்சியத்தின் பின்னால், வேனா கால்வாயை ஒட்டிச் சிவப்புத் திரைகளின் கீழ் நடக்கும் மீன் சந்தைதான் அதன் உயிர். அது காலையில் கூடி நண்பகலுக்குள் கலைந்துவிடும். வெனிஸிலிருந்து புறப்பட்டு வருபவர்கள் பெரும்பாலும் கழுவிவிட்ட கல்மேடைகளைத்தான் பார்ப்பார்கள். பிறகு கால்வாயோரம் ஒரு காபி குடித்துவிட்டு, 'ஊரில் ஒன்றும் இல்லை' என்று எழுதுவார்கள். நாழிகை அவர்களும் அப்படிப் போனவராகவே எனக்குத் தோன்றுகிறது. தவறாக நினைக்க வேண்டாம்.

அக்டோபரில் வேறொன்றும் கிடைக்கும். காயல் நண்டு ஓடு கழற்றி, புது ஓடு இறுகுவதற்குள் சில மணி நேரம் மெத்தென்று இருக்கும். அந்தக் கணத்தைப் பார்த்துக் கையால் பிரித்தெடுப்பவர்கள் கியோஜாவில் இருக்கிறார்கள். அந்த நண்டு வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மட்டுமே வரும். முழுதாகப் பொரித்து உண்பார்கள். அதே கரையில் 2023 முதல் அட்லாண்டிக்கிலிருந்து வந்து பெருகிய நீல நண்டு, அருகிலுள்ள போ ஆற்று முகத்துவாரத்தின் சிப்பிப் பண்ணைகளைத் தின்று தீர்த்ததையும் கேட்டிருப்பீர்கள். ஒரு நண்டைக் கொண்டாடியும் இன்னொன்றை வைதும் பேசும் மீனவர்களின் ஊர் அது. ஆகவே என் கருத்து: ஓர் இரவு தங்க முடிந்தால் போங்கள், முடியாதென்றால் புரானோவே போதும்.

நாழிகை:
நான் போனது பிற்பகல் இரண்டு மணிக்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன். கல்மேடைகள் கழுவித்தான் இருந்தன. ஆனாலும் ஒரு கேள்வியை விடமாட்டேன். தங்கும் விடுதிகளில் பெரும்பகுதி பாலத்துக்கு அப்பால், சொத்தோமரீனா கடற்கரையில் இருக்கின்றன. கோடை முடிந்ததும் அங்கே பல கதவுகள் சாத்தப்படும். மூட்டை முடிச்சோடு ஒருவர் அலைய வேண்டுமா?

மஞ்சணத்தி:
பழைய நகருக்குள்ளும் சிறு விடுதிகள் உண்டு. பெட்டிகளை வெனிஸிலேயே வைத்துவிட்டு, தோள்பையோடு வந்தால் அலைச்சல் இல்லை.

வேம்படி:
அனைவருக்கும் நன்றி. அம்மாவிடம் மீன் சந்தை என்றதும், முரானோவின் கண்ணாடியை ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். ஞாயிறு இரவு கியோஜாவில் தங்கி, திங்கள் காலை சந்தையைப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே விமான நிலையத்துக்குப் போவதாக முடிவு செய்திருக்கிறோம்.

நாழிகை:
வேம்படி அவர்களே, போகாதீர்கள் என்று சொன்ன நானே இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. திங்கள்கிழமை அந்தச் சந்தைக்கு விடுமுறை. வெள்ளி இரவு தங்கி, சனிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் அம்மாவை அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள்.