டுரியான் மரம் ஏற எந்தக் கயிறு வாங்குவது?

பாலிக்புலாவ் தம்பி:
வணக்கம். பாலிக் புலாவில் எங்களுக்கு ஒரு சின்ன டுரியான் தோட்டம் இருக்கிறது. எல்லாமே பழைய மரம், உயரமானது 18 மீட்டர் வரும். காய்ந்த கிளை வெட்ட இத்தனை வருஷமாக அப்பாதான் ஏறினார், அதுவும் ஹார்ட்வேர் கடை நீலக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு. 61 வயதாகிவிட்டது, இனி நான் ஏறுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பாதுகாப்பு வார்) வாங்கியாச்சு, கயிற்றில்தான் குழப்பம். நண்பர் ஒருவர் பாறை ஏறப் பயன்படுத்திய பழைய கயிற்றை 150 வெள்ளிக்குத் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா? 11 மி.மீ.யா, 13ஆ? அப்புறம் இங்கே பெய்யும் மழையில் கயிற்றை எப்படிப் பாதுகாப்பது?

சுண்ணாம்புப்பாறை:
அந்தக் கயிறு வேண்டாம். நான் பத்துமலையில் குவா டாமாய் பக்கம் பாறை ஏறுகிறவன். எங்கள் கயிறு, விழும்போது அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்வதற்காகவே நீளும்படி செய்தது. 80 கிலோ தொங்கினால் 10 விழுக்காடு வரை நீளத் தரவிதியே இடம் கொடுக்கிறது. பாறையில் அதுதான் எங்கள் உயிரைக் காக்கிறது. மரத்தில் நீங்கள் மணிக்கணக்காகக் கயிற்றிலேயே தொங்கி வேலை செய்யப் போகிறீர்கள், ஒவ்வொரு அசைவுக்கும் மேலும் கீழும் ஆடும், கையில் ரம்பம் வேறு இருக்கும். தவிர, அது எத்தனை விழுதலைத் தாங்கியது, எங்கே கிடந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. நண்பரே ஆனாலும் பழைய கயிறு வாங்காதீர்கள்.

மெர்தாஜாம் மரவேலை:
தம்பி, மேலே சொன்னது அத்தனையும் சரி. பன்னிரண்டு வருஷமாக மரம் வெட்டித்தான் பிழைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த நீலக் கயிறு. பெரும்பாலும் அது பாலிப்ரோப்பிலீன், 160 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். முடிச்சு கயிற்றின்மேல் உரசி இறங்கும்போது சூடு எவ்வளவு ஏறும் என்று கை வைத்துப் பார்த்தவனுக்குத் தெரியும். வெயிலிலும் சீக்கிரம் நொறுங்கும். வாழைத்தாருக்கு முட்டுக் கட்டுங்கள், ஆளைக் கட்டாதீர்கள். நீங்கள் கேட்க வேண்டியது மரவேலைக்கென்றே செய்த, அதிகம் நீளாத கயிறு. லேபிளில் ஈ.என். 1891 (அதிகம் நீளாத கயிற்றுக்கான ஐரோப்பியத் தரவிதி), ஏ வகை என்று இருக்கிறதா பாருங்கள். அந்த வகை 22 கிலோநியூட்டன், அதாவது சுமார் 2,200 கிலோ இழுப்பைத் தாங்கியாக வேண்டும், நீட்சியும் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. மேலுறை பாலியெஸ்டராக இருந்தால் நல்லது, 250 டிகிரி வரை உருகாது, நனைந்தாலும் நைலான் மாதிரி வலு குறையாது.

பருமனைக் கையைக் கேட்டு முடிவு செய்யுங்கள். கயிற்றின்மேல் நகர்த்தினால் நகர்ந்து, எடை விழுந்தால் இறுகும் வெறும் முடிச்சில் ஏறுவதாக இருந்தால் 13தான் பிடிக்கச் சுகம், 11 உள்ளங்கையை அறுக்கும். அந்த முடிச்சுக்குப் பதில் உலோகத்தாலான இயந்திரப் பிடி போடுவதாக இருந்தால் அதன்மேல் எந்தப் பருமனுக்கு என்று எழுதியிருக்கும், அதை மீறக்கூடாது. வெட்டிய கிளையை இறக்க வேறு கயிறு வைத்துக்கொள்ளுங்கள். கிளை இறக்கிய கயிற்றில் ஆள் ஏறவே கூடாது, இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

பராமரிப்பில் முக்கியம் கையால் தடவிப் பார்ப்பது. ஒருமுறை என் நைலான் கயிற்றை வேனில் பழைய பேட்டரி பக்கத்தில் போட்டுவிட்டேன். பார்வைக்கு ஒன்றுமே இல்லை. மறுநாள் ஏறுமுன் தடவிக்கொண்டே போனால் ஒரு முழம் மட்டும் வைக்கோல் மாதிரி இருந்தது, நகத்தால் கீறினால் நூல் பொடியாக உதிர்ந்தது. அமிலம். கயிற்றை அங்கேயே துண்டு துண்டாக வெட்டிப் போட்டேன், யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாதே. அன்றிலிருந்து ஏறும் ஒவ்வொரு நாளும் முனையிலிருந்து முனைவரை என் விரல் போகும். கட்டி, பள்ளம், உள்ளே மெலிந்த இடம், உருகிப் பளபளக்கும் இடம், எது தட்டினாலும் ஏற வேண்டாம்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
நாங்கள் வீட்டில் துவைக்கும் முறையைச் சொல்கிறேன் தம்பி. குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் மென்சோப்பு, அவ்வளவுதான். குளோராக்ஸ் மாதிரி வெளுப்பான் கிட்டவே வரக்கூடாது. நிழலில் தளர்வாகத் தொங்கவிட்டுக் காயவையுங்கள், வெயிலும் வேண்டாம், டிரையரும் வேண்டாம். ஈரத்தோடு பையில் கட்டினால் பூஞ்சை நாற்றம் பிடித்துவிடும். பலாப்பால் ஒட்டினால் மண்ணெண்ணெய், தின்னர் எதையும் தொடாதீர்கள். உரமும் களைக்கொல்லியும் வைக்கிற கொட்டகையில் கயிற்றைப் போடவே வேண்டாம், எலியும் அங்கேதான் வரும்.

பாலிக்புலாவ் தம்பி:
ரொம்ப நன்றி. நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்பா 13 மி.மீ.தான் வாங்கு என்கிறார். எத்தனை மீட்டர் வேண்டும்?

மெர்தாஜாம் மரவேலை:
கயிறு கிளைமேல் போய்த் திரும்பத் தரைக்கு வரணும். 18 மீட்டருக்கு 36, முடிச்சுக்கும் கைக்கும் சேர்த்து 45 வாங்குங்கள். முனையில் ஒரு தடுப்பு முடிச்சு எப்போதும் இருக்கட்டும், இறங்கும்போது கயிறு தீர்ந்து விழுந்தவர்கள் உண்டு. லேபிளையும் வாங்கிய ரசீதையும் எடுத்து வையுங்கள், ஒரு தடவைகூடப் பயன்படுத்தாமலே கிடந்தாலும் செய்த தேதியிலிருந்து 10 வருஷம்தான் பல கம்பெனிகள் கொடுக்கும் எல்லை. ஞாயிறு காலை ஃபெரியில் வருகிறேன், அதுவரை மரத்தில் போடாதீர்கள். முதலில் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கிப் பழகுவோம், அப்பாவையும் கூட இருக்கச் சொல்லுங்கள்.