சாமர்செட் பிளேஸ்: இல்லாமல் போன குடிசைகளைத் திரும்பக் கட்டலாமா?

ராலே_வாசி:
வட கரோலினாவில் வாஷிங்டன் கவுண்டி, ஃபெல்ப்ஸ் ஏரிக்கரையில் உள்ள சாமர்செட் பிளேஸ் பண்ணைக்குப் போன வாரம் போய் வந்தோம். 1830-களில் காலின்ஸ் குடும்பம் கட்டிய 14 அறை மர மாளிகை, சுற்றிலும் சைப்ரஸ் மரங்கள். மனம் நிறைந்தது. ஆனால் அங்குள்ள அடிமைக் குடியிருப்புகள் பழையவை இல்லை, பின்னாளில் திரும்பக் கட்டியவை. பழைய வீடு பார்க்க வந்தவர்களுக்குப் புது வீட்டைக் காட்டுவது முறையா? மிஞ்சியிருப்பதைப் பழுதுபார்த்துக் காப்பாற்றினாலே போதாதா?

கால்வாய்க்கரை:
மிஞ்சியது ஏன் மிஞ்சியது என்று யோசியுங்கள் நண்பரே. 1786-இல் கேம்டன் என்ற கப்பலில் ஆப்பிரிக்காவிலிருந்து நேராக 80 பேரைக் கொண்டுவந்தார்கள். ஏரியிலிருந்து ஸ்கப்பர்னாங் ஆறு வரை 6 மைல் நீளம், 20 அடி அகலக் கால்வாயைச் சதுப்பு நிலத்தில் வெட்டியது அவர்கள்தான். வெட்டும்போதே பலர் இறந்தார்கள். 1860 வாக்கில் அந்தப் பண்ணையில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அடிமைகள். அவர்கள் இருந்த வீடுகள் கவனிப்பாரின்றி அழிந்தன, மாளிகை நின்றது. நிற்பதை மட்டும் காட்டினால் ஒரே ஒரு குடும்பத்தின் கதைதான் கையில் இருக்கும்.

ராலே_வாசி:
அந்தக் கொடுமையை நான் மறுக்கவே இல்லை. ஆனால் குடிசைக்குள் நுழைந்த என் மகன், "நல்லாத்தானே இருக்கு" என்றான். நேரான பலகை, பெருக்கிய தரை, அவன் கண்ணில் அது விடுமுறைக்குத் தங்குகிற வீடு. வெறும் அஸ்திவாரக் கற்களைப் பார்த்திருந்தால், வீடு எங்கே போனது என்று கேட்டிருப்பான்.

பழைய_கணக்கு:
தம்பி, மகன் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் டோரதி ஸ்ப்ரூயில் ரெட்ஃபோர்டை மறந்துவிட்டுப் பேசுகிறோம். அந்தப் பண்ணை அடிமைகளின் வழிவந்தவர். பத்து வருடம் பழைய ஆவணங்களைப் புரட்டி, சொத்துக் கணக்குகளில் கிடந்த பெயர்களைக் குடும்பங்களாகக் கோத்தார். 1986 ஆகஸ்டில் அவர் கூட்டிய ஒன்றுகூடலுக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். அப்புறம் அந்த இடத்தின் நிர்வாகப் பொறுப்பே அவரிடம் வந்தது. அன்று வந்தவர்களுக்குத் தங்கள் பாட்டன் வீடு என்று காட்ட அங்கே ஒரு சுவர் இல்லை. அகழ்ந்து பார்த்த பழைய இடத்திலேயே பிறகு எழுப்பிய வீடுகளை எப்படிப் போலி என்பது?

கால்வாய்க்கரை:
கற்களைப் பார்த்தால் நெருக்கடி புரியாது. நாங்கள் பத்துப் பேர் அந்த அறைக்குள் போனதும் திரும்ப இடமில்லை. மாளிகையில் ஒரு குடும்பத்துக்கு 14 அறை என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

ராலே_வாசி:
ஆளற்ற அறைக்குள் போனதால்தான் என் மகனுக்கு அது தெரியாமல் போயிருக்கும். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை விட மாட்டேன்: எந்த ஆண்டு திரும்பக் கட்டியது என்று வாசலிலேயே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

பழைய_கணக்கு:
தாராளமாக. மாளிகை வாசலிலும் அறைக் கணக்குக்கு மேலே, மரம் அறுத்தவர்களின் பெயர் இருக்கட்டும்.