1939 ஒரு ரூபாய் வெள்ளிக் காசு: வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

பழங்காசு_மதுரை (கேள்வி):
ஆறாம் ஜார்ஜ் ரூபாய் வரிசையில் 1938 முதல் 1945 வரை முடிந்தது, 1939 மட்டும்தான் பாக்கி. இப்போது ஒருவரிடம் ஒரு காசு விலைக்கு வந்திருக்கிறது. எடை 11.61 கிராம், விட்டம் 30.5 மி.மீ., காந்தம் ஒட்டவில்லை. ஸ்லாப் (சான்று நிறுவனம் காசைப் பரிசோதித்து அடைத்துத் தரும் பிளாஸ்டிக் உறை) செய்யாத காசு. கடையிலேயே வைத்து, காசுக்குக் கீறல் விழாமல், அசலா போலியா என்று எந்த அளவுக்கு உறுதி செய்ய முடியும்? தண்ணீரில் எடை பார்ப்பது போதுமா? இதற்கு அடுத்து 1911 பன்றி ரூபாய் வாங்கும் ஆசை. அதற்கும் இதே சோதனைகள்தானா?

வெள்ளிவிளிம்பு:
தண்ணீர்ச் சோதனை கட்டாயம் செய்யுங்கள். ஆனால் அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

1835இல் வந்த அளவுதான் 1939 வரை ரூபாய்க்கு: ஒரு தோலா, அதாவது 180 கிரெயின், 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. 1940இலிருந்து வெள்ளி பாதியாகக் குறைந்துவிட்டது. மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். அந்தப் பழைய தரத்தின் கடைசி வருடம் என்பதால்தான் 1939க்கு இந்த மவுசு. அடித்ததில் பெரும்பகுதி உருக்கப்பட்டுவிட்டது.

செய்முறை: 0.01 கிராம் காட்டும் தராசில் பாதித் தண்ணீர் உள்ள சின்ன கிளாஸை வைத்து, அளவைப் பூஜ்யம் ஆக்குங்கள். காசை மெல்லிய நைலான் நரம்பில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல், முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டுவது காசு விலக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை இதால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். நல்ல 1939 என்றால் 1.12 அல்லது 1.13 காட்டும், வகுத்தால் 10.3 பக்கம் வரும். பாதி வெள்ளி என்றால் 1.22 வரை போகும். ஜெர்மன் சில்வர் (வெள்ளியே இல்லாத செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) 1.3ஐத் தாண்டும்.

பலரும் தப்பு செய்யும் இடம் காற்றுக் குமிழி. எழுத்துகளின் இடுக்கில் ஒட்டியிருக்கும் குமிழி, காசின் கன அளவைக் கூட்டிக் காட்டும். நல்ல காசும் மட்டமாகத் தெரியும். தண்ணீரில் ஒரே ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் குமிழி நிற்காது. தையல் நூல் வேண்டாம், தண்ணீர் குடிக்கும். முடிந்ததும் சுத்தமான தண்ணீரில் அலசி, துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

தராசில் 0.01 முன்னே பின்னே போனாலே விடை 10.2இலிருந்து 10.4 வரை ஆடும். அதனால் 90 சதவீத வெள்ளியையும் 91.7 சதவீத வெள்ளியையும் இதில் பிரிக்க முடியாது.

தாமரைக்காசு:
மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் 1939இல் நாம் பயப்பட வேண்டிய போலி, தண்ணீர்ச் சோதனையில் தேறிவிடும். ஏனென்றால் அது அசல் 1938 காசு. அதே வெள்ளி, அதே எடை, அதே விளிம்பு. கடைசி 8இன் கீழ் வளையத்தில் இடப்பக்கத்தை வெட்டி 9 ஆக்கியிருப்பார்கள். ஆகவே உலோகத்தைப் பார்ப்பதில் கால் மணி நேரம் செலவழித்தால், அந்த ஒரு இலக்கத்தைப் பார்ப்பதில் அரை மணி நேரம் செலவழியுங்கள்.

இந்த வருடத்தில் நமக்கு ஒரு நல்ல வசதி: 1939இல் இரண்டு 9 இருக்கிறது. முதல் 9இல் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள். 10 மடங்கு லூப்பில் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கி) இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். 8இன் மேல் வளையம் சின்னது. 9இன் தலை பெரியது. வெட்டி எடுத்த 9க்குத் தலை சிறுத்து, கழுத்து இடுங்கி, முதல் 9க்குத் தம்பி மாதிரி நிற்கும். வால் நுனியும் காட்டிக்கொடுக்கும். அச்சில் விழுந்த நுனி உருண்டு இறங்கும், வெட்டிய நுனி செங்குத்தாக நிற்கும்.

அடுத்து இலக்கத்தைச் சுற்றியுள்ள தளம். ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில், மேசை மட்டத்துக்கு இறக்கி வைத்து, காசை மெதுவாகச் சுழற்றுங்கள். செதுக்கிய இடம் லேசாகக் குழிந்து, மெருகேற்றிய மாதிரி தனியாக மின்னும். அதை மறைக்க ரசாயனத்தால் கருப்பேற்றியிருந்தால் அந்தக் கருப்பு தேதியைச் சுற்றி மட்டும் திட்டாக இருக்கும். வேறு காசின் 9ஐ எடுத்து ஒட்டியிருந்தால் அடிப்பாகத்தில் மெல்லிய கோடு தெரியும்.

விளிம்பையும் விடாதீர்கள். 1939க்குச் சாதாரண நெடுங்கோட்டு விளிம்பு. நடுவில் பள்ளம் ஓடும் பாதுகாப்பு விளிம்பு 1940இல் வந்தது. 1939 தேதியில் அந்த விளிம்பு இருந்தால் பேச்சே வேண்டாம். கோடுகள் மழுங்கி, சுற்றிலும் ஒரு இணைப்புத் தடம் இருந்தால் வார்ப்புக் காசு.

வெள்ளிவிளிம்பு:
ஒன்று சேர்க்கிறேன். 1939 அரை ரூபாயும் கால் ரூபாயும் எளிதில் கிடைப்பவை. "1939 வெள்ளி, அபூர்வம்" என்று படம் போட்டு அரை ரூபாயை விற்கிறார்கள். அது 5.83 கிராம், 24 மி.மீ.தான்.

பழங்காசு_மதுரை:
இரண்டு 9ஐயும் ஒப்பிடலாம் என்று தோன்றவே இல்லை, மிக்க நன்றி சார். லூப் எடுத்துக்கொண்டு போகிறேன். 1911 பற்றியும் சொல்லுங்கள்.

தாமரைக்காசு:
1911இல் கதை வேறு. ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் உள்ள யானைக்குத் தும்பிக்கை குட்டையாகி, பன்றி போலத் தெரிந்ததால் எதிர்ப்பு வந்தது. வெளியிடாமல் மீதியிருந்தவற்றை உருக்கினார்கள். 1912இல் தும்பிக்கையை நீட்டித் திருத்திய அச்சு வந்தது.

இங்கே தேதி ஒரு பக்கம், யானை மறுபக்கம். 1912இன் கடைசி 2ஐ 1 ஆக்கினாலும் தலைப்பக்கத்து யானையை மாற்ற முடியாது. எனவே முதலில் யானையைப் பாருங்கள், பிறகு தேதி. நன்றாகத் தேய்ந்த காசில் 1912 யானையும் பன்றி மாதிரிதான் தெரியும். அங்கியின் பூவேலை தெளிவாக இல்லாத 1911க்குப் பெரிய விலை கொடுக்க வேண்டாம். பம்பாய்க் காசுக்குப் பின்பக்கம் கீழேயுள்ள தாமரையின் அடியில் ஒரு புள்ளி இருக்கும், கல்கத்தாவுக்கு இருக்காது.

நூறு வருடம் தாண்டிய காசு 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. கிரேடிங்குக்காக (தரம் மதிப்பிட்டுச் சான்று வாங்க) 1911ஐத் தபாலில் வெளியே அனுப்பச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

செப்புத்தகடு:
ஸ்லாப்பில் உள்ளதை வாங்கினால், சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் இருப்பது மட்டும் போதாது, போலி ஸ்லாப்பில் அசல் எண்ணையே அச்சிடுகிறார்கள். தளத்தில் உள்ள படத்தில் ஒரு கீறலையோ கறையையோ குறித்துக்கொண்டு, கையில் உள்ள காசில் அதே இடத்தில் அது இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஸ்லாப் இல்லாததற்குப் பில்லில் "1939 ஒரு ரூபாய், அசல்" என்று எழுதி, திருப்பித் தரும் கெடுவையும் போடச் சொல்லுங்கள். "பழைய வெள்ளி நாணயம் 1" என்று பில் வாங்கினால் பிறகு ஒன்றும் கேட்க முடியாது.