கையடக்கக் கன்சோலுக்கென்றே பிறந்த கேம்கள் உண்டா?

கார்முகில்:

ஸ்விட்ச், ஸ்டீம் டெக் போன்று கையிலும் தொலைக்காட்சியிலும் ஆடக்கூடிய கலப்பினக் கருவிகள் வந்த பிறகு, கையில் பிடித்து ஆடும் கேம், தொலைக்காட்சியில் ஆடும் கேம் என்ற பிரிவே காலாவதியாகிவிட்டது என்று அடிக்கடி படிக்கிறேன். ஒரே கேம் இரண்டு இடத்திலும் ஓடுகிறது என்பது உண்மைதான். ஆனால் ஓடுவது வேறு, அந்த இடத்துக்குப் பொருந்தி அமைவது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. மணிக்கணக்கில் உட்கார்ந்து ஆடும்போது மனத்தை நிறைக்கும் பெரிய கேம்கள், கைக்கு வந்ததும் ஏதோ குறைந்தவையாகத் தெரிகின்றன. மாறாக, கையடக்கக் கருவியில் என்னைக் கட்டிப்போட்ட சில பழைய கேம்களைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தால் வெறிச்சோடிக் கிடக்கின்றன. இது என் கண்ணின் பழக்கம் மட்டும்தானா, அல்லது கேமை வடிவமைக்கும் முறையிலேயே வேறுபாடு இருக்கிறதா? ஒரு கன்சோல்தான் வாங்க முடியும், பெரும்பாலும் இரவில் அரை மணி நேரம்தான் ஆடக் கிடைக்கும் என்ற நிலையில் இருப்பவர் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

செங்கதிர்:

வேறுபாடு வடிவமைப்பிலேயே இருக்கிறது, கார்முகில். அதன் வேரைத் தேடினால் 1989இல் வந்த நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாயில்தான் போய் நிற்க வேண்டும்.

புழக்கத்தில் பழகி விலை குறைந்துபோன தொழில்நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்த வேண்டும் என்பது கேம் பாயை உருவாக்கிய குன்பெய் யோகோயின் கொள்கை. அதன்படி கேம் பாய்க்கு 160க்கு 144 புள்ளிகள், நான்கு சாயல்கள் மட்டுமே கொண்ட திரை, பின்னொளி கிடையாது. அதே ஆண்டில் வந்த அடாரி லிங்க்ஸும், 1990இல் வந்த சேகா கேம் கியரும் வண்ணத்தோடும் பின்னொளியோடும் வந்தன. ஆனால் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்திலேயே தீர்த்துவிட்டன. கேம் பாய் நான்கு பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. எளிமையான கருவி வென்றதற்கு விலையும் டெட்ரிஸும் காரணங்கள் என்றாலும், எடுத்த இடத்தில் ஆடலாம் என்ற நம்பிக்கையை அது கொடுத்ததே முதன்மையானது என்பேன்.

அந்தத் திரைக்காகவே எழுதப்பட்ட கேம்களில் 1993இன் செல்டா கேமான 'லிங்க்ஸ் அவேக்கனிங்'கை நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொரு திரையும் குறுக்கே பத்து, நெடுக்கே எட்டுக் கட்டங்கள். அதற்குள் இரண்டு எதிரிகள், தள்ளக்கூடிய ஒரு கல், ஒரு படிக்கட்டு, அவ்வளவுதான். விளிம்பைத் தொட்டால் பழைய திரை நகர்ந்து விலகி அடுத்தது வந்து நிற்கும். ஒவ்வொரு திரையும் தன்னளவில் முழுமையான ஒரு சிறு சிக்கல் என்பதால், நடுவில் நிறுத்திவிட்டு மறுநாள் எடுத்தாலும் எங்கே விட்டோம் என்று தடுமாற வேண்டியதில்லை. அதையே பெரிய தொலைக்காட்சியில் போட்டால் அங்கேயும் அதே எண்பது கட்டங்கள்தாம் பெருத்து நிற்கும். நீங்கள் சொல்லும் வெறிச்சோடல் உங்கள் கண்ணின் குறையல்ல.

இன்னும் ஒரு படி மேலே போன கேம்களும் உண்டு. கேம் பாய் அட்வான்ஸுக்கு 2003இல் வந்த 'பொக்தாய்' என்ற கேமின் கார்ட்ரிட்ஜில் (கேம் பதிந்திருக்கும், கருவியில் செருகும் சிறு பெட்டி) ஒளி உணரி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது; இரத்தக் காட்டேரிகளை வேட்டையாடும் நாயகனின் துப்பாக்கிக்கு ஆற்றல் ஏற, ஆடுபவர் உண்மையான வெயிலில் போய் நிற்க வேண்டும். 2007இல், மடிக்கக்கூடிய இரு திரைக் கருவியான நின்டெண்டோ டிஎஸ்ஸுக்கு வந்த 'ஃபேண்டம் ஹவர்கிளாஸ்' கேமில் மேல்திரையில் ஒரு சின்னமும் கீழ்த்திரையில் கடல் வரைபடமும் தெரியும். சின்னத்தை வரைபடத்தில் பதிக்கும் வழி, கருவியையே மடித்து மூடித் திறப்பதுதான். எந்தப் பொத்தானும் அங்கே உதவாது. இவற்றைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனால் கேமின் உயிரே போய்விடும்.

இளவேனில்:

செங்கதிர் சொன்ன எடுத்துக்காட்டுகளை மறுக்க முடியாது, ஆனால் நியாயமாக மறுபக்கத்தையும் வைக்க வேண்டும். பெரிய திரையும் உறுதியான கட்டுப்பாட்டுக் கருவியும் இல்லாமல் பிறந்திருக்கவே முடியாத கேம்களும் இருக்கின்றன.

2005இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த 'ஷேடோ ஆஃப் த கொலோசஸ்' அப்படிப்பட்டது. பதினாறு பேருருவங்கள், அவற்றுக்கு நடுவே பரந்து கிடக்கும் ஆளற்ற நிலம். பேருருவத்தின் உடல் மயிரைப் பற்றித் தொங்கும்போது வலதுகைச் சுட்டுவிரல் ஆர்1 பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பிடியின் வலுவைக் காட்டும் வட்டம் சுருங்கச் சுருங்க விரலும் தானாக இறுகும். விட்டால் நாயகன் கீழே விழுவான். அந்த நொடியில் திரையில் நாயகன் ஓர் எறும்பளவே இருப்பான். அந்த அளவு வேறுபாடுதான் கேமின் முழுப்பொருளும். ஏழு அங்குலத் திரையில் பேருருவமும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்போது நமக்கு அச்சம் எங்கிருந்து வரும்?

கட்டுப்பாட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பியில், கட்டைவிரலால் எத்திசையிலும் நகர்த்தும் அனலாக் குமிழ் (ஸ்டிக்) ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் 'மான்ஸ்டர் ஹன்டர்' ஆடியவர்கள் இடது கட்டைவிரலால் குமிழை நகர்த்திக்கொண்டே, இடது சுட்டுவிரலை நண்டுக் கொடுக்கு போல வளைத்து, மேலேயுள்ள திசைப் பொத்தான்களால் கேமராவைத் திருப்பினார்கள். பக்கத்தில் உட்கார்ந்த நண்பர்களோடு கம்பியில்லா இணைப்பில் சேர்ந்து வேட்டையாடும் இன்பத்துக்காக அந்த வலியைப் பொறுத்துக்கொண்டார்கள் என்பதை மதிக்கிறேன். ஆனாலும் அது கேமின் தேவைக்குக் கருவி ஈடுகொடுக்காததன் விளைவு.

இன்றைய கலப்பினக் கருவிகளிலும் இந்த இடைவெளி முழுமையாக மூடவில்லை. 2019இல் 'விட்சர் 3' என்ற பெரிய கதை கேம் ஸ்விட்சுக்கு வந்தது பெரிய சாதனை. விரிவாக்கக் கதைகளோடு சேர்த்து 32 ஜிபி கார்ட்ரிட்ஜில் அடைத்தார்கள். ஆனால் கையில் ஆடும்போது படத்தின் தெளிவு 540பி, அதாவது நெடுக்கே 540 புள்ளிகள் அளவில்தான் இருந்தது. தொலைக்காட்சியைத் தள்ளி உட்கார்ந்து பார்ப்பவருக்காக அமைத்த எழுத்துகள் 6.2 அங்குலத் திரையில் பொடிந்துபோகின்றன என்பது இன்னொரு தொல்லை. உரையாடலே உயிரான கேமில் எழுத்தைப் படிக்கக் கண்ணை இடுக்க வேண்டியிருந்தால் அதைக் குறை என்றுதான் சொல்ல வேண்டும்.

அரை மணி நேரக் கேள்விக்கு வருகிறேன். கையடக்கக் கருவியின் தனிச்சிறப்பாக இருந்த உடனே தூங்கி உடனே விழிக்கும் வசதி, இப்போது வீட்டுக் கன்சோல்களுக்கும் வந்துவிட்டது. 2020இல் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்கள், ஆதரவுள்ள பல கேம்களை ஒரே நேரத்தில் விட்ட இடத்திலேயே நிறுத்திவைத்துத் தொடர விடுகின்றன. ஆகவே நேரக் குறைவு மட்டுமே கையடக்கக் கன்சோலுக்குப் போதிய காரணமாகாது.

அடவி:

இருவரும் கலையைப் பேசினீர்கள். நான் ஆயுளைப் பற்றிப் பேசுகிறேன், ஏனெனில் ஒரே ஒரு கன்சோல் வாங்குபவருக்கு அதுவும் பெரிய கேள்வி.

கையடக்கக் கருவியில் திரை, பேட்டரி, ஸ்டிக் எல்லாம் ஒரே உடலில் இருக்கின்றன. வீட்டுக் கன்சோலின் ஸ்டிக் தேய்ந்தால் வேறு கட்டுப்பாட்டுக் கருவியைச் செருகலாம். வழக்கமான ஸ்விட்சிலும் ஜாய்-கான் எனப்படும் பக்கவாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றி மாற்றலாம். ஆனால் 2019இன் ஸ்விட்ச் லைட்டில் ஸ்டிக்குகள் உடலோடு சேர்ந்தவை, பழுது பார்க்கக் கருவியையே பிரிக்க வேண்டும். அடிக்கடி ஆடுபவர் லைட்டைத் தவிர்ப்பதே நல்லது.

அடுத்து, வாங்கிய கேம் யாருடையது என்பது. 2023 மார்ச் 27 அன்று நின்டெண்டோவின் பழைய கன்சோல்களான 3டிஎஸ், வீ யூ ஆகியவற்றின் இணையக் கடைகளில் விற்பனை நிறுத்தப்பட்டது. கார்ட்ரிட்ஜோ வட்டோ இல்லாமல் அங்கே மட்டும் விற்கப்பட்ட பல கேம்களை இன்று முறையாக வாங்க வழியில்லை. ஸ்விட்ச் 2இல் கேம்-கீ கார்டு என்று ஒரு வகை விற்கிறது. அந்தக் கார்டில் கேம் இருக்காது. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வதற்கான திறவுகோல் மட்டுமே இருக்கும். அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய கார்ட்ரிட்ஜும் அழியாத பொருள் அல்ல: போகிமான் கோல்ட், சில்வர் கார்ட்ரிட்ஜ்களில் சேமிப்பைக் காத்தது உள்ளேயிருந்த சிறு பேட்டரிதான், அது தீர்ந்தால் சேர்த்துவைத்த போகிமான்கள் அனைத்தும் போய்விடும்.

கார்முகில்:

மூவருக்கும் நன்றி. எறும்பளவு நாயகன் என்ற இடத்தில் என் குழப்பத்தில் பாதி தீர்ந்தது. தொலைக்காட்சியோடு இணைக்கக்கூடிய கலப்பினக் கருவியே எனக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். 2019இல் ஸ்விட்சுக்கு மறுஆக்கமாக வந்த 'லிங்க்ஸ் அவேக்கனிங்', செங்கதிர் சொன்ன அந்தச் சிறு திரைத் தன்மையைக் காப்பாற்றியிருக்கிறதா?

செங்கதிர்:

பாதி காப்பாற்றியிருக்கிறது. வரைபடம் ஏறக்குறைய அதே கட்டக் கணக்கில்தான் இருக்கிறது. ஆனால் வெளியுலகத்தில் திரை திரையாக நகராமல் காட்சி தொடர்ந்து ஓடுகிறது, அதனால் பக்கத்துக் கட்டத்தில் என்ன காத்திருக்கிறது என்ற ஆவல் சற்றுக் குறைகிறது. பழையதில் இரண்டே பொத்தான்கள் என்பதால் வாளைக்கூடக் கழற்றிவைத்துவிட்டு வேறு பொருளை எடுக்க வேண்டியிருந்தது. புதியதில் வாளுக்குத் தனிப் பொத்தான் உண்டு, அந்த ஓயாத நிறுத்தல் இல்லை. நிலவறைகளில் அறை அறையாகச் சிக்கலை அவிழ்க்கும் அமைப்பு குலையவில்லை. இரவு அரை மணி நேரத்துக்குள் நாலைந்து அறைகளை நிதானமாகக் கடந்துவிடலாம். முதலில் அதையே கையில் வைத்து ஆடுங்கள், தொலைக்காட்சியில் பிறகு போடலாம்.