மட்சுமோட்டோ கைச்சிப் பள்ளி: கல் கட்டடமா, மரக் கட்டடமா?

கேள்வி – பழங்கட்டட ஆர்வலர்:
ஜப்பானின் மட்சுமோட்டோ நகரில் 1876இல் கட்டி முடிக்கப்பட்ட கைச்சி தொடக்கப்பள்ளியின் படங்களைப் பார்த்தேன். மூலைகளில் கருங்கல் அடுக்கியதுபோல் தெரிகிறது. கூரையின் நடுவே எண்கோணக் கோபுரம். முகப்பில் சிறகு முளைத்த இரண்டு குழந்தைகள் பள்ளியின் பெயர்ப்பலகையைப் பிடித்திருக்கிறார்கள். இதை ஐரோப்பியர் எவரேனும் வடிவமைத்தாரா? செலவை அரசு ஏற்றதா?

மறுமொழி – தச்சுக்கலை மாணவர்:
ஐரோப்பியர் எவருக்கும் இதில் பங்கில்லை. கட்டியவர் அவ்வூர்த் தலைமைத் தச்சரான தத்தெயிஷி செய்ஜூ. டோக்கியோவுக்குச் சென்று, அங்கே புதிதாக எழுந்திருந்த மேலைநாட்டுப் பாணிக் கட்டடங்களை நேரில் பார்த்து வந்தவர், கண்டதையெல்லாம் தமக்குக் கைவந்த மரவேலையிலும் சுதைவேலையிலும் ஆக்கிக் காட்டினார். நீங்கள் கருங்கல் என்று எண்ணியது சாம்பல் நிறச் சுதைப் பூச்சுதான். உள்ளே இருப்பது மரச்சட்டம், மேலே வேய்ந்திருப்பது ஜப்பானிய ஓடு. முகப்பை மேலிருந்து பார்த்துக்கொண்டே வாருங்கள்: கோபுரத்துக்குக் கீழே, கோயில்களிலும் கோட்டைகளிலும் காணப்படும் வளைந்த கூரைமுகப்பு, அதனடியில் அந்தத் தேவதைகள், மாடத்தில் மேகச் செதுக்கல், அதற்கும் கீழே ஒரு டிராகன். தேவதைகள், அக்காலத்தில் டோக்கியோ நிச்சிநிச்சி நாளிதழின் பெயரில் வந்த வண்ண மரக்கட்டை அச்சுத் தாள்களின் தலைப்பிலிருந்து எடுத்தாளப்பட்டவை. மேலைநாட்டுப் பாணி பிடிபடாமல் செய்த அரைகுறை வேலை என்று இதைச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். டிராகனும் மேகமும் தற்செயலாக வந்து அமர்பவை அல்லவே.

மறுமொழி – கல்வி வரலாறு:
செலவைப் பற்றி நான் சொல்கிறேன். 1872இல் மெய்ஜி அரசு, அதாவது பேரரசர் மெய்ஜியின் காலத்து ஜப்பானிய அரசு, நாடெங்கும் தொடக்கப்பள்ளிகள் அமைக்க ஆணையிட்டது. ஆனால் பெரும்பகுதிச் சுமையை ஊர்மக்கள் தலையிலேயே வைத்தது. அந்த மனக்கசப்பும் சேர்ந்து, 1873இல் சில பகுதிகளில் மூண்ட கலவரங்களில் பள்ளிகளுக்கே தீ வைத்தார்கள். மட்சுமோட்டோவிலோ, சுமார் 11,000 யென் செலவில் ஏறக்குறைய 70 விழுக்காடு நகரத்தாரின் நன்கொடையாக வந்தது. மட்சுமோட்டோ அடங்கிய அப்போதைய சிக்குமா மாநிலத்தின் ஆளுநர் நாகாயாமா மொரித்தெரு கல்வியைப் பரப்புவதில் காட்டிய முனைப்பை நினைத்தால், எல்லோரும் மனமுவந்தே கொடுத்தார்கள் என்று சொல்லத் தயக்கமாகவே இருக்கிறது. 1873இல் பள்ளி தொடங்கியது, மூடப்பட்ட ஒரு பௌத்த மடத்தின் வளாகத்தில். அந்த மடத்தின் மரங்களில் சிலவும் புதிய கட்டடத்துக்குப் பயன்பட்டன. கட்டடம் 1876 ஏப்ரலில் முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்த மாநிலமே கலைக்கப்பட்டுவிட்டது!

பழங்கட்டட ஆர்வலர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் ஜப்பானில் பொதுமக்களுக்கான முதல் பள்ளிக் கட்டடம் இதுதானா? இன்றும் அதே இடத்தில் நிற்கிறதா?

மறுமொழி – தச்சுக்கலை மாணவர்:
இரண்டுமே இல்லை. ஒக்காயாமா பகுதியின் ஷிசுத்தானி பள்ளியை, எளிய மக்களின் பிள்ளைகளும் படிப்பதற்காக 1670இல் இக்கேதா மிட்சுமாசா என்னும் சிற்றரசர் நிறுவினார். அதன் இன்றைய விரிவுரைக் கூடம் 1701இல் முடிந்தது. கைச்சி, மெய்ஜி காலப் புதிய கல்விமுறைக்காக எழுந்த தொடக்ககாலப் பள்ளிகளுள் ஒன்று. மெத்தோபா ஆற்றங்கரையில் 1963 வரை வகுப்புகள் நடந்த கட்டடம் அது. பிறகு பிரித்தெடுக்கப்பட்டு, மட்சுமோட்டோ கோட்டைக்கு வடக்கே மீண்டும் எழுப்பப்பட்டு, 1965இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 2019இல் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டது. நவீன காலப் பள்ளிக் கட்டடங்களுள் அந்தத் தகுதியை முதலில் பெற்றது இதுதான்.